ஃபென்னா யார் ஜாடை

படம் திறந்ததும் ஒரு கணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெள்ளைக் கம்பளித் துணிக்குள் குழந்தை தூங்குவதுபோல் கிடந்தாள். கன்னத்தில் மெல்லிய நிறம், உதட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ஹில்க்காவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் திரையின் ஓரத்தில் ஒரு சிறிய வட்டம் சுழன்று நின்றது. படம் ஒரு தரம் சிலிர்த்தது. கன்னத்து நிறம் வடிந்துபோயிற்று. உதடுகள் கறுத்தன. நெற்றியில் தோல் உரிந்த இடம் திரும்பி வந்தது.

அவள் படத்தை மூடித் திறந்தாள். இந்த முறை அந்த ஒரு கணம்கூட இல்லை. நேராகவே சாம்பல் நிறத்தில் திறந்தது. படம் திருத்தும் மென்பொருளின் பழைய வெர்ஷன் விட்டுப்போன மாதிரிப் படத்தைத்தான் முதலில் பார்த்திருக்கிறாள். புதிய வெர்ஷன் அதன்மேல் தன்னுடையதை எழுதிவிட்டது.

வட ஜெர்மனியின் லேர் நகரில் ஹில்க்காவின் புகைப்படக் கடையை எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் படம், பள்ளியில் சேரும் நாள் படம், கல்யாணம். இன்னொரு வேலையும் அவள் செய்வது சிலருக்குத்தான் தெரியும். இறந்து பிறக்கும் குழந்தைகளைப் படமெடுத்துக் கொடுக்கும் தன்னார்வலர்களில் அவள் ஒருத்தி. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சில பெற்றோர் மறுநாளே படத்தைக் கேட்பார்கள். சிலரால் முடியாது. வைத்திருங்கள், தைரியம் வரும்போது வருகிறோம் என்பார்கள். ஹில்க்கா வைத்திருப்பாள். அவர்கள் கேட்பதற்கு முன் அச்சிட மாட்டாள், வேறெங்கும் நகலெடுத்து வைக்கவும் மாட்டாள். பெற்றவளே இன்னும் பார்க்காத முகத்தைப் பிரதியெடுக்கத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தோன்றும். அது யாரும் போட்ட விதி அல்ல. அவளாகப் போட்டுக்கொண்டது.

நிறம் தீட்டியதெல்லாம் பழைய வெர்ஷனோடு தனியாக வாங்கிச் சேர்த்த ஒரு தூரிகையால். மூலப்படம் அப்படியே இருக்கும். எங்கே, எவ்வளவு தீட்டினாள் என்ற விவரம் மட்டும் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் அதைப் படித்து நிறம் போட்டுக் காட்டும். புதிய வெர்ஷனுக்கு அந்தத் தூரிகையைத் தெரியவில்லை. பாஸ்போர்ட் படங்களை இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆனபிறகு பழைய கணினி தடுமாறியது. புதுக் கணினியில் பழைய வெர்ஷன் ஏறவில்லை. பழைய படத்தொகுப்பைப் புதிய முறைக்கு மாற்றலாமா என்று புதிய வெர்ஷன் கேட்டபோது, மாற்று என்று அழுத்தியது அவள்தான்.

பெரியப்பா மகன் ட்யார்க்கைக் கூப்பிட்டாள். கடையின் கணினிகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"ட்யார்க், பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"ஒரு மொய்ன், ஒரு வணக்கம்கூட கிடையாதா? குப்பைக் கிடங்குல குடுத்தாச்சு. நீதானே இந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போன்னு கத்தின?"

"உள்ள இருந்ததெல்லாம்?"

"ஒரு படம் விடாம புதுசுல ஏத்திட்டேன். பழசைச் சுத்தமாத் துடைச்சுட்டுத்தான் குடுத்தேன். அதுல யார் படம் இருக்குன்னு எனக்குத் தெரியாதாடி? கண்டவன் கையிலயா விடுவேன்?"

"படம் இருக்கு. நான் தீட்டினது இல்ல."

அந்தப் பக்கம் காற்றும் லாரிச் சத்தமும் கேட்டன.

"யாரு?"

"ஃபென்னா. அவளோட அப்பா அம்மா இன்னைக்கு நாலு மணிக்கு வராங்க."

"ஒரே ஒரு பிரிண்ட் போட்டு டப்பாவுல வெச்சிருக்கக் கூடாதா? உன் கொள்கையைக் கொண்டுபோய் லேடா ஆத்துல போடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வரட்டுமா?" என்றான்.

"வந்து என்ன பண்ணுவ?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஃபென்னாவின் அம்மா வீப்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவ அறையில் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குழந்தையைக் கொண்டுபோகும்வரை திரும்பவில்லை. அப்பா ஓனோதான் கூட நின்றான். சில வாரம் கழித்து அவன் மட்டும் கடைக்கு வந்து, தீட்டி முடித்த படத்தை இதே இடத்தில் நின்று பார்த்தான். நகல் வேண்டாம், வீப்கா வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். போன வாரம் வீப்காவே தொலைபேசியில் அழைத்தாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவ யார் ஜாடை? ஓனோகிட்ட கேட்டா அழறான்."

புதிய வெர்ஷனில் முகத்தைத் தானாகவே சீர்படுத்தும் ஒரு கருவி இருந்தது. விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். ஹில்க்கா அதை அழுத்தினாள். சற்று யோசித்துவிட்டு அது சொன்னது: இந்தப் படத்தில் முகம் எதுவும் இல்லை.

அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதையே சொன்னது. வெளிச்சத்தைக் கூட்டி அழுத்தினாள். "இருக்கு," என்று வாய்விட்டுச் சொன்னாள். "இருக்கு, பாரு." கடையில் வேறு யாரும் இல்லை.

கடைசியில் தானே முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து கொடுத்தாள். இப்போது அது ஒப்புக்கொண்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு குழந்தை வந்தது. குண்டுக் கன்னம், பட்டுத் தோல், சிரிக்கப்போவதுபோல் உதடு. அழகான குழந்தை. பால் மாவு டப்பாவில் இருக்கும் குழந்தை. மூக்கைக்கூட அது சற்று நிமிர்த்தியிருந்தது. ஹில்க்கா மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு ஒரு பிள்ளை.

அதை அழிக்கக் கை வரவில்லை. ஒருபக்கம் ஒதுக்கி வைத்தாள்.

பிறகு சாதாரணத் தூரிகையை எடுத்து இடது கன்னத்திலிருந்து தொடங்கினாள். முன்பு இதைச் செய்தபோது அவசரமில்லை. எந்தச் சிவப்பில் எவ்வளவு மஞ்சள் கலந்தோம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்தக் கை மறந்துவிட்டது. தீட்டினால் பொம்மைபோல் ஆயிற்று. குறைத்தால் சாம்பல் மேலே வந்தது. இடது கன்னமும் உதட்டின் பாதியும் ஓரளவு உயிர் பெற்றபோது கதவு மணி அடித்தது.

"நனைஞ்ச நாய் ரெண்டு வந்திருக்கு," என்றான் ஓனோ வாசலிலிருந்தே. "உள்ள விடுவீங்களா, இல்ல உதறிட்டு வரணுமா?" யாரும் சிரிக்கவில்லை. கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டான். வீப்கா பேருந்துச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

ஹில்க்கா தேநீர் ஊற்றினாள். கோப்பைகளின் அடியில் போட்டிருந்த கற்கண்டு சூட்டில் வெடித்தது. வழக்கமாக மேலே விடும் பாலாடையை மறந்துவிட்டாள். நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்காமல், புதிய வெர்ஷன், பழைய தூரிகை, தன் கை அழுத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். "பாதிதான் திரும்ப வந்திருக்கு. மீதியை எப்ப முடிப்பேன்னு தெரியல. முன்ன மாதிரி வருமான்னும் தெரியல."

ஓனோவின் முகம் சிவந்தது. "அவ தூங்கற மாதிரி இருந்தா. நான் இவகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா அதை மட்டும்தான் சொல்லிட்டு இருக்கேன். இப்ப வந்து இல்லேங்கறீங்களே! வீப்கா, வா, போலாம். நீ பார்க்க வேணாம்."

"நீ பார்த்துட்ட," என்றாள் வீப்கா.

"அது வேற."

"என்ன வேற? பார்த்தவன் நீ. தூங்கற பிள்ளை உனக்கு இருக்கு. எனக்கு ஒரு சுவருதான் இருக்கு. அந்த ஆஸ்பத்திரிச் சுவத்துல எங்கெங்க பெயின்ட் உரிஞ்சிருக்குன்னு கேளு, சொல்றேன்." அவள் ஹில்க்காவின் பக்கம் திரும்பினாள். "காட்டுங்க."

ஹில்க்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையின் அடியில் இரண்டு சிறிய கட்டங்கள் இருந்தன. ஒன்றில் அந்த அழகான குழந்தை, மற்றதில் பாதி தீட்டிய ஃபென்னா. அந்த அழகான குழந்தையைத் திறந்தால் ஓனோ சொன்னது உண்மையாகிவிடும். வீப்கா அழுவாள், நன்றி சொல்வாள், சட்டம் போட்டு மாட்டுவாள். இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஓனோவுக்குக்கூட நிச்சயமாகத் தெரியாது. அம்புக்குறி அதன்மேல் போய் நின்றது. பிறகு நகர்ந்தது. பக்கத்துக் கட்டத்தைத் திறந்தாள்.

வீப்கா கிட்டே வந்தாள். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். தீட்டிய கன்னத்தையும் தீட்டாத கன்னத்தையும் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சிறிய சத்தம் வந்தது. ஓனோ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பெருசாக்க முடியுமா?"

ஹில்க்கா பெரிதாக்கினாள்.

"இன்னும். இந்தப் பக்கம். துணி மூடியிருக்கே, அங்க."

துணியின் விளிம்பில் ஒரு காது தெரிந்தது. பழைய வெர்ஷனிலும் ஹில்க்கா அதைத் தொட்டதில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்ட இடம். வீப்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, "ஓனோ, குல்லாவைக் கழட்டு," என்றாள்.

அவன் அசையவில்லை. அவளே போய் அவனைத் திருப்பி, குல்லாவை உருவினாள். ஈரமான தலைமயிரை விலக்கிக் காதை விரலால் பிடித்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி காதைப் பார்த்தாள். காதை விடாமல் அவனை மேசைவரை இழுத்து வந்து நிறுத்தினாள். வலித்திருக்கும். அவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.

யாரும் எதையும் தொடாததால் திரை மங்கத் தொடங்கியது. ஹில்க்கா மவுசை இலேசாக அசைத்தாள். வெளிச்சம் வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி மங்கியது. மறுபடி அசைத்தாள்.