பேர் சொல்லாத ஜெபம்

ஞானப்பூ தன் பயத்தை உபதேசியாரிடம் மட்டும்தான் சொன்னாள். மூத்த பிள்ளை காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது மூன்று மாதப் பெண் பிள்ளை. தூக்கினால் கை நடுங்குகிறது, எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்று நெஞ்சு பதறுகிறது. செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் அழுதபடி சொன்னதை உபதேசியார் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீட்டு ஜெபம். அவரவர் பாரத்தைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பது அங்கே வழக்கம்.

"ஆண்டவரே, பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று கலங்குகிற உம்முடைய மகள் ஞானப்பூவை நினைத்தருளும்!" என்று தொண்டை கிழிய வேண்டினார் உபதேசியார்.

லயமே ஆமென் சொன்னது. மறுநாள் காலையிலேயே நாத்தனார் ராசம்மா பிள்ளையைத் அதே லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குத் தூக்கிப் போய்விட்டாள். பால் கொடுக்க மட்டும் கொண்டுவருவாள். கொடுத்து முடியும்வரை காவல்காரி மாதிரி பக்கத்திலேயே நிற்பாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையாதான் அவளுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒரு சனிக்கெழம ஒரு டாக்டர் வாராரு. ஒக்கார வச்சு, பேசவிட்டுக் கேப்பாரு."

"கேட்டத வெளிய சொல்லுவாருங்களா?"

"சொல்ல மாட்டாரு. அது அவரு தொழிலு."

அவளுக்கு அது போதும். ஆனால் டாக்டர் வருகிற அதே சனிக்கிழமைதான் உபதேசியார் அவளுக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார். அவள் கிளம்புவது தெரிந்து காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார்.

"மனசு நோவுக்கு மருந்து வேதத்துல இருக்கும்மா. அங்க போனா பைத்தியம்னு பேரு வச்சிருவாங்க."

"பேரு வெள்ளிக்கெழமயே வச்சிட்டாங்கய்யா."

உபதேசியார் முகம் சுருங்கிப்போயிற்று. மனுஷருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்காக ஜெபம் பண்ணுங்கய்யா. நானும் பண்ணிட்டுத்தான் கெளம்புறேன். ஆனா பேரு சொல்லாம பண்ணுங்க. ஆண்டவருக்கு என் காம்பரா தெரியும்."

நேரே ராசம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். "புள்ளய குடுங்க அண்ணி."

"வழியில என்னமாச்சும் ஆயிருச்சுன்னா?"

"அந்தப் பயத்தச் சொல்லத்தான் போறேன். இவள விட்டுட்டுப் போயி யாருக்காகச் சொல்றது?"

ராசம்மா பிள்ளையைக் கொடுத்தாள். வாங்கிய கை நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஞானப்பூ முந்தானையால் பிள்ளையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, நுவரெலியா பஸ்ஸைப் பிடிக்கத் தலவாக்கலை ரோட்டுக்கு இறங்கி நடந்தாள்.