நேரில் கண்டதாகச் சொல்லுதல்: இரண்டு மதிப்பெண்

காலையிலிருந்து பதினேழு விடைத்தாள் திருத்தியாயிற்று. பதினேழிலும் என் கணவரின் புகழ்தான். வாயில் இருந்த டீயை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வந்த பிறகுதான் வினாத்தாளையே பார்த்தேன். 'நகைச்சுவை எழுதுவது எப்படி?' என்று அவர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பகுதி. வாசகரை நம்பவைக்க ஆசிரியர் கையாளும் உத்திகளை விளக்குக, பத்து மதிப்பெண். அவர் எழுதுவது புனைபெயரில் என்பதால், அந்த ஹாலில் ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது.

கட்டுரை இப்படிப் போகிறது: 'நகைச்சுவையைத் தேடி எங்கும் அலையாதீர்கள். உங்கள் வீட்டிலேயே கொட்டிக் கிடக்கிறது. ஆபரேஷன் முடிந்து என் மனைவி கண் விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருக்கிறேன். அன்பாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிகிறேன். அவள் கேட்டாள்: "துணிய ஊறவெச்சாச்சா?"'

விடைக்குறிப்பு: வீட்டுச் சம்பவத்தைச் சொல்லி நெருக்கம் காட்டுதல், இரண்டு. நேரில் கண்டதாகச் சொல்லுதல், இரண்டு. அப்படியே பத்து வரைக்கும். பிள்ளைகளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தார்கள். 'மனைவியைச் செல்லமாகக் கேலி செய்வதால் ஆசிரியர் நல்ல மனிதர் என்று நம்புகிறோம்' என்றது ஒரு தாள். அதற்கும் டிக் போட்டேன். போட்ட கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

நல்ல மனிதர் அன்று ஆஸ்பத்திரியிலேயே இல்லை. வெளியூரில் ஏதோ ஒரு மேடையில் ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்தவள் என் தங்கை. ஏழாம் மாதத்தில் குழந்தை செத்துப் பிறந்திருந்தது. கண் விழித்ததும் நான் கேட்டதைத் தங்கைதான் போனில் அவரிடம் சொன்னாள், அழுதுகொண்டே. மூன்றே மாதத்தில் அது பத்திரிகையில் ஜோக்காக வந்துவிட்டது. "குழந்தையப் பத்தி ஒரு வரி எழுதலியே, அப்புறம் என்ன?" என்றார் கூசாமல். பதினைந்து வருஷமாக மேடைக்கு மேடை அதே ஜோக், முன்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். அவரை நினைத்தால் குமட்டுகிறது. என்னை நினைத்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

பதினெட்டாவது தாளில் கையெழுத்து கோழிக் கிறுக்கல். கண்ணைச் சுருக்கிப் படித்தேன்.

'கையைப் பிடித்திருந்ததாக ஆசிரியர் சொல்கிறார். மனைவி ஒரு கேள்வி கேட்கிறார். இவர் என்ன பதில் சொன்னார் என்று கட்டுரையில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லியிருப்பார். என்ன ஆபரேஷன் என்றும் இல்லை. சொன்னால் நமக்குச் சிரிப்பு வராதோ என்னவோ. இவர் அங்கே இருந்தார் என்று நான் நம்பவில்லை.'

யார் பெற்ற பிள்ளையோ! ஒன்பது போட்டேன்.

திருத்திய தாள்களைச் சரிபார்க்க வந்த தலைமைத் தேர்வாளர் சொல்லிவைத்த மாதிரி அந்தத் தாளையே உருவினார்.

"என்னம்மா இது? குறிப்புல இருக்கற ஒரு பாயின்ட் கூட இல்ல. மூணு போடுங்க, போதும்."

"யோசிச்சு எழுதியிருக்கு சார்."

"இது யோசனை இல்லம்மா, திமிரு. அவர் அங்க இல்லன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் இல்லதான் சார். அந்தக் கட்டில்ல கிடந்தவ நான்."

அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு முகமெல்லாம் பல்லாயிற்று. "அடடே! அந்த வீட்டம்மா நீங்கதானா! இங்க வாங்கப்பா, யாரு இருக்காங்கன்னு பாருங்க!"

நாலைந்து மேஜைக்காரர்கள் பேனாவும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். "துணி ஊறிச்சா மேடம்?" என்றார் ஒருவர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழக்க தோஷம், என் உதடும் விரியப் பார்த்தது. பல்லால் கடித்து நிறுத்தினேன்.

"வீட்டுல ரத்தத்துல நனைஞ்சு கிடந்த பெட்ஷீட் சார் அது. குழந்தை செத்துப் பொறந்துச்சு. என் நாலு வயசுப் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து அதப் பாத்துடக் கூடாதேன்னு கேட்டேன்."

சிரிப்பு நின்றது. ஒருவர் செருமினார். தலைமைத் தேர்வாளர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார். "சார் கட்டுரைல அப்படி எழுதலியே."