கரண்டி பிட்

துளை போடும் பிட் உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. சுள்ளி ஒடிந்த மாதிரி 'டிக்' என்று கேட்டது, அவ்வளவுதான். அவள் லேத்தை நிறுத்தி, புகைபிடிக்கும் பைப்புக்காக மாட்டியிருந்த வேர்க்கட்டையைக் கழற்றிப் பார்த்தாள். புகையிலை அடைக்க வேண்டிய குழியின் பக்கச் சுவரில் ஆழமான கீறல். உடைந்த முனை வேருக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டை இனி அடுப்புக்குத்தான்.

புகையிலைக் கடை முதலாளி ஒரே ஜாடையில் ஒரு ஜோடி பைப் கேட்டிருந்தார். ஒன்று முடிந்து, மெருகேறி, துணிக்குள் படுத்திருந்தது. அதன் ஜோடி சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும். நல்லபடியாக வந்தால் கடைக்கு வேண்டிய பைப் எல்லாம் இனி அவளிடம்தான் என்று சொல்லியிருந்தார். கையில் மிச்சமிருந்த நல்ல வேர்க்கட்டை ஒன்றே ஒன்று.

அவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தவள். லேப் மூடப்பட்டபோது, கழித்துப் போட்ட சின்னச் சின்ன அரங்களையும் ஒரு கைமோட்டாரையும் கேட்டு வாங்கி வந்தாள். பைப்பின் வெளிப்புறத்தைச் செதுக்கவும் வழவழப்பாக்கவும் அவையே போதும். குழி போடத்தான் வழியில்லை. பைப்புக்கென்றே செய்த பிட்டை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். விலையைக் கேட்டாலே தலை சுற்றும். மலிவாகக் கிடைப்பதெல்லாம் பலகையில் ஓட்டை போடுகிற சாமான். வேரின் முடிச்சில் பட்டால் வழுக்கி ஓடும், இல்லாவிட்டால் இப்படி ஒடியும்.

ஊரில் பைப் செய்கிறவர் இன்னொருவர் இருந்தார். அவரிடம் கையால் அடித்துத் தீட்டிய, கரண்டி போலக் குழிந்த பிட்டுகள் உண்டு. அதனால் தொழில்காரர்கள் மத்தியில் அவர் பெயரே கரண்டி. இவளுக்குப் பல்செட்டு. ஒருமுறை அந்தப் பிட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "பல்லு தேய்க்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே டிராயரைப் பூட்டிவிட்டார்.

மறுநாள் காலை அவள் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு பழைய இரும்புச் சந்தைக்குப் போனாள். அவன் கார் மெக்கானிக். அவன் பட்டறையில் இருந்த லேத்தில்தான் அவள் குழி போடுவது. இரும்பைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்வான். வாயும் சும்மா இருக்காது.

"அண்ணி, இது பிட் இல்ல, பல்குச்சி. இதால லட்டர் கவர்ல கூட ஓட்ட போட முடியாது" என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டே வந்தான்.

வெயில் ஏறிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு கடையில் தாழ்ப்பாள்களுக்கும் கீல்களுக்கும் நடுவே ஒரு தோல் சுருள் கிடந்தது. பிரித்தாள். உள்ளே கரண்டி பிட்டுகள் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக நின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பு. ஒவ்வொன்றின் காம்பிலும் சின்னதாக ஒரு கரண்டி செதுக்கியிருந்தது.

அவள் கை நின்றுவிட்டது.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"எங்கேர்ந்து வந்தா என்ன? வேணும்னா எடு, வேணாம்னா வை. பின்னாடி ஆள் நிக்குது."

அவர் சொன்ன விலை பிட்டின் விலையே இல்லை, இரும்பின் விலை. கொழுந்தன் பேரம் பேசாமலே காசைக் கொடுத்தான். சந்தைக்கு வெளியே வந்ததும்தான் அவள் வாய் திறந்தாள்.

"இது கரண்டியோடது. அவரு உயிரே போனாலும் இத விக்க மாட்டாரு. யாரோ திருடியிருக்காங்க."

"அண்ணி, நாம திருடல. காசு குடுத்து வாங்கினோம். முதல்ல குழியப் போடுங்க, அப்புறம் நியாயம் பேசலாம்."

அவன் சொன்னது அவள் மனதுக்குள் ஏற்கெனவே ஓடியதுதான். ஒரே ஒரு குழி. யாருக்குத் தெரியப் போகிறது? பஸ் நிறுத்தம் வரை அந்த நினைப்போடே நடந்தாள். பஸ் வந்தது. ஏறவில்லை.

"நீ பட்டறைக்குப் போ. நான் அவர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

"தனியாவா? அந்த மனுஷன் உங்களத்தான் திருடின்னு சொல்லுவாரு" என்று முனகியபடி அவனும் கூடவே வந்தான்.

கரண்டியின் வீட்டு வாசலுக்குப் போகும்போதே உள்ளே கத்தல் கேட்டது. கதவைத் திறந்தது அவர் மனைவி. அழுது வீங்கிய கண்கள். அவை பையிலிருந்து எட்டிப் பார்த்த தோல் சுருளில் போய் நிலைத்தன. முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினாள்.

"உள்ள கொண்டு வராதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"அக்கா, இது சந்தையில..."

"தெரியும். நான்தான் போட்டேன்." குரல் காற்றாக வந்தது. "அவருக்கு மரத்தூள் நெஞ்சுல படிஞ்சு போச்சு. இன்னும் ஒரு வருஷம் இந்த வேலை செஞ்சா ஆக்சிஜன் மாட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாஸ்க் போடச் சொன்னா கழட்டி வீசுறாரு. பிட் இல்லன்னா வேலை இல்லன்னு நெனச்சேன்."

உள்ளே கரண்டியின் குரல் உயர்ந்தது. "ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு. அவங்க வந்து கேட்டா தானா வாய் திறப்ப!"

"யாரத் திட்டுறாரு?" என்றாள் இவள்.

"என் தம்பிய. ஷெட்டு சாவி அவன்கிட்ட இருந்துச்சு."

"ஐயோ, நீங்க சொல்லலையா?"

"சொன்னா நேரா சந்தைக்குப் போயி மீட்டுட்டு வந்துடுவாரு. தம்பி ஒரு ராத்திரி லாக்கப்ல இருந்தா செத்துட மாட்டான். இவரு..." அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். அதே நேரம் பின்னால் கதவு திறந்தது.

"யாரது? பல்செட்டா?" கரண்டி வாசற்படியில் நின்றார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. "என் சாமான் போச்சுன்னு கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தியா?"

போலீஸ்காரர் உள்ளே நுழைந்தார். எல்லோரும் கூடவே போக வேண்டியதாயிற்று. ஹாலில் அந்தத் தம்பி, கரண்டியின் மச்சான், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது ஆள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் போலக் கைகளைத் தொடையில் வைத்திருந்தான். போலீஸ்காரரைப் பார்த்ததும் தானாகவே எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"நான் எடுக்கல சார். ஆனா வரச் சொன்னா வர்றேன்."

அந்தப் பட்டனை அவன் தப்பான ஓட்டையில் போட்டிருந்ததை அவள் பார்த்தாள். அவன் அக்காளையும் பார்த்தாள். அக்காள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் பின்னாலிருந்து இவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்: வேண்டாம், வா.

அவள் பையிலிருந்து சுருளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"சந்தையில கிடைச்சது. உங்களோடதுன்னு தெரிஞ்சது, கொண்டு வந்தேன்."

கரண்டி பாய்ந்து வந்து சுருளைப் பிடித்தார். "பாத்தீங்களா சார்? சந்தையில வித்திருக்கான்!"

"வித்தது யாருன்னு கடைக்காரருக்குத் தெரியுமில்ல?" போலீஸ்காரர் இவளைப் பார்த்தார். "எந்தக் கடைன்னு காட்டும்மா. இவனையும் கூட்டிக்கிட்டுப் போயி கேட்டுடலாம்."

இவள் அக்காளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். காட்டினாலும் ஒருத்தர் குடி கெடும், காட்டாவிட்டாலும் கெடும்.

"கடைக்கெல்லாம் போக வேண்டாம்." மனைவி நிமிர்ந்தாள். "நான்தான் வித்தேன்."

கரண்டி காதில் விழாதவர் போல அவளைப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"நான்தான். எக்ஸ்ரேயக் காட்டினேன், நீங்க பார்க்கல. அழுதேன், கேட்கல. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எவ்வளவுக்குப் போட்ட?" என்றார்.

"எடைக்கு."

"எடைக்கா?" திருட்டைவிட அதுதான் அவரைத் தாக்கியது. "என் பிட்டத் தராசுல வச்சியா?" என்றவர் இரும ஆரம்பித்தார். நிற்கவே நிற்காத இருமல். மனைவி தண்ணீரோடு ஓடினாள். போலீஸ்காரர், "குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

மச்சான் அக்காள் பக்கம் போனான். "நான் உள்ள போனா பரவாயில்லன்னு இருந்துட்ட, இல்ல?" என்று மட்டும் கேட்டான். செருப்பைக் கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

இருமல் அடங்கியதும் கரண்டி சுருளைப் பிரித்தார். ஒவ்வொரு பிட்டாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் கூர் பார்த்தார். இவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு விளிம்புதான் கூர். மறு விளிம்பு சரித்துத் தேய்க்கப்பட்டு, மரத்தைத் தொடாமல் ஒதுங்கி நின்றது. தான் இத்தனை நாளும் இரண்டு பக்கமும் தீட்டியது எவ்வளவு தப்பு என்று புரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கடித்தால் பிட் உதறாமல் என்ன செய்யும்?

"ஒரே ஒரு குழி போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடுறேன்" என்று கேட்டாள்.

"முடியாது" என்றார் கரண்டி. சுருளைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வெளியே வந்ததும் கொழுந்தன் பொரிந்து தள்ளினான். "காசும் போச்சு, சாமானும் போச்சு, திட்டும் வாங்கியாச்சு. சந்தோஷமா?"

"உன் பட்டறையில சாணை ஓடுதா?"

"ஓடாம?"

"அப்ப வா. வழியில பலகைக்குப் போடுற பட்டை பிட் ரெண்டு வாங்கிக்கலாம்."

முதல் பிட்டை அவன் அவசரத்தில் அழுத்திப் பிடித்தான். பொறி பறந்தது, விளிம்பு நீலம் பூத்தது. நீலம் பூத்தால் இரும்பின் உறுதி போயிற்று. இரண்டாவதை அவளே வாங்கிக்கொண்டாள். தொட்டாள், எடுத்தாள், தண்ணீரில் முக்கினாள், மறுபடி தொட்டாள். பல்லின் விளிம்பைத் தேய்ப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக முனையை உருட்டினாள். ஒரு பக்கம் கூர், மறு பக்கம் சரிவு. வேஸ்ட் மரத்தில் போட்டுப் பார்த்தபோது தூள் வரவில்லை. சுருள் சுருளாகச் சீவல் வந்தது. கொழுந்தன் விசிலடித்தான்.

கடைசிக் கட்டையை லேத்தில் மாட்டியபோது மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிட் உள்ளே இறங்கியது. நடுவில் முடிச்சு வந்து சத்தம் மாறியது. கைப்பிடியில் ஓர் அதிர்வு. அவள் அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே பிடித்திருந்தாள். சத்தம் பழையபடி சீரானது. பிறகு காம்பு வழியாகப் புகைக்கான மெல்லிய துளை. அது குழியின் அடியில், நட்ட நடுவில் வெளியே வர வேண்டும். மயிரிழை மேலே ஏறினாலும் பைப் ஈரம் கட்டும். டார்ச் அடித்துப் பார்த்தாள். தரையோடு தரையாக, சரியாக நடுவில் இருந்தது. மாஸ்க்கைக் கழற்றினாள். அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் பைப்பைக் கொடுக்கப் போனபோது கரண்டி கடையில் நின்றிருந்தார். தாடைக்குக் கீழே ஒரு மாஸ்க் தொங்கியது. முதலாளியின் கையிலிருந்த பைப்பைக் கரண்டி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, குழிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"எந்த பிட்?"

"பட்டை பிட். தேச்சுக்கிட்டேன்."

"பட்டை பிட்லயா?" இன்னொரு முறை உள்ளே பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை போலிருந்தது. பைப்பை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மச்சினர் வந்தாரா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். அக்கா போட்டாலும் எடுக்கல." மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு நேர்ல போறோம்."

வெளியே அவர் மனைவி காத்திருந்தாள். இவளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், இரண்டு இடத்திலும் அவளும் நின்றாள்.