குரல் என்ற ஃபோல்டர்

பேருந்து ஓட்டும்போது வராத பயம் டிரைவருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வந்துவிட்டது. எதிரே லாரி பாய்ந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்பும் கைதான். இப்போது மவுஸைத் தொடவே தயங்கியது. ‘குரல்’ என்ற ஃபோல்டரின் மூலையில் அந்தக் குட்டி அம்புக்குறி மறுபடி வந்து குந்தியிருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வைரஸை நேற்றுதான் அடித்து விரட்டியிருந்தார். அதற்கு முந்தின நாளும் விரட்டினார். வெட்கம் மானமில்லாமல் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த ஃபோல்டரில் இருந்தது அவர் மனைவியின் குரல். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவளை உட்கார வைத்துப் பதிவு செய்தது. இனி அது போனால் போனதுதான். திரும்பப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய அவளிடமே அந்தக் குரல் இல்லை.

இப்போது அவள் கரண்டியால் பேசுகிறாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, படபடவென்று தட்டினால் அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பாஷையிலும் சண்டையில் ஜெயிப்பது அவள்தான். ஆனால், “பதிவு பண்ணதைப் போடட்டுமா?” என்று கேட்டால் மட்டும் முகம் சுண்டிப்போகும். இரண்டு தட்டு. வீடு திரும்பியதிலிருந்து தன் பழைய குரலை அவள் கேட்டதே இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பிக்கு டிரைவர் ரகசியமாகப் போன் போட்டார். மதியம் வந்தவன் அக்காவிடம் சும்மா வந்தேன் என்று பல்லைக் காட்டிவிட்டு, அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“வேற எங்கயாவது காப்பி இருக்கா அத்தான்?”

“இருக்கு, இந்தப் பென்டிரைவ்ல. ஆனா அதுலயும் அம்புக்குறிதான் தெரியுது, மச்சான்.” சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தார்.

மச்சான் அதை வாங்கிப் பார்த்தானே தவிர, செருகவில்லை. “இதை எப்ப எல்லாம் செருகுவீங்க?”

“சுத்தம் பண்ணி முடிச்ச உடனே. இருக்கறதையாவது பத்திரமா எடுத்து வெச்சுக்கலாம்னு.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“பயமா இருக்குல்ல!”

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். “கால் கழுவிட்டு நேரா சேத்துக்குள்ள இறங்கியிருக்கீங்க. வைரஸே இதுலதான் இருக்கு. இதை வேற எங்க செருகினீங்க?”

டிரைவர் தரையைப் பார்த்தார். டிப்போ ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லா டிரைவர்களும் பாட்டு ஏற்றிக்கொள்வார்கள். இவரும் ஏற்றினார். பயணிகள் இருக்கும்போது பாட்டு. எல்லாரும் இறங்கி, வெறும் பஸ்ஸாக டிப்போவுக்குத் திரும்பும்போது மட்டும் அவள் குரல். வீட்டில் கேட்க வழியில்லையே.

“அப்போ டிப்போ கம்ப்யூட்டர்லேருந்து நானேதான் கொண்டு வந்தேனா?” என்றார். அவளுக்குத் தெரிந்தால்? தெரியாமலேயே அந்தக் குரல் அழிந்துபோனால்? இரண்டில் எது மோசம் என்று அவருக்குப் புரியவில்லை.

மச்சான் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். மறைவாக ஓடிக்கொண்டிருந்த வைரஸை நிறுத்தி, கம்ப்யூட்டர் எழும்போதே தானும் எழுந்துகொள்ள அது பதுங்கியிருந்த இடத்தைத் தேடி அழித்தான். பிறகு கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தான்.

“சில வைரஸ் ஃபைலை ஒளிச்சு மட்டும் வைக்கும். சிலது தின்னுடும். இது எந்த ரகம்னு இப்பத் தெரிஞ்சிடும்.”

“தின்னிருந்தா?”

“வாயைக் கழுவுங்க அத்தான்.”

அவன் ஏதோ தட்டச்சு செய்து எண்டரை அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. டிரைவருக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அதே பயம். அன்றைக்காவது குரல் போனாலும் ஆள் வருவாள் என்றிருந்தது. இன்றைக்கு அந்த ஆறுதலும் இல்லை.

ஃபோல்டரைத் திறந்தான். காலி. மச்சானின் முகம் மாறியது. அவன் இன்னொரு முறை எதையோ திருத்தி அழுத்தினான். ஃபைல்கள் மங்கலாக ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

“திறந்து பாரு. உள்ளே நிஜமாவே இருக்கான்னு பாரு,” என்று டிரைவர் குழறினார். அவசரத்தில் சத்தத்தைக் குறைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

கரகரவென்று ஓர் இரைச்சல். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வீடு முழுக்க அவள் குரல்.

“என்னங்க... இதுல எங்க பேசணும்? இங்கயா? கேக்குதா?”

சாத்தியிருந்த கதவு இப்போது திறந்திருந்தது. வாசற்படியில் அவள் கரண்டியோடு நின்றிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். டிரைவர் பதறிப்போய் மவுஸுக்குப் பாய்ந்தார். நிறுத்த எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை.

“என்னங்க, கேக்குதான்னு கேட்டேன்!” என்று கம்ப்யூட்டர் அதட்டியது.

அவள் கதவு நிலையில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். அடுத்த தட்டு வந்துவிடுமோ என்று பயந்து காத்திருந்தார். வரவில்லை.