ஒரு மணி நேரத் தூரம்

இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானம் எவ்வளவு தூரம் பறக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று டிக்கெட் விற்கும் கம்பெனியின் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவன் வேலை. வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பான், விமானத்தின் வேகத்தால் வகுப்பான், வேலை முடிந்தது. ஆபீசில் அவனுக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். மனைவிக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்து, மகளையும் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, இந்த மேதாவி அதே கணக்கை வீட்டிலும் போட்டான்.

“ஒரு மணி நேரம்தான். நினைச்சா வந்து நிப்பேன்.”

நினைக்க முடிந்தது, போய் நிற்கத்தான் முடியவில்லை. மகளின் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். இன்று பள்ளியில் ஓட்டப்பந்தயம், சாயங்காலம் நாலு மணிக்கு. “இந்தத் தடவையும் வரலைன்னா உங்ககூட பேசவே மாட்டேன்” என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். எட்டு வயதுதான், ஆனால் சொன்னால் செய்வாள். அப்படியே அம்மாவை உரித்து வைத்தவள்.

காலையிலேயே கிளம்பியும் என்ன பயன்? டாக்சி பாலத்தின் மேல் நின்றது. சோதனை வரிசை அனுமார் வால் போல நீண்டது. எவனோ பெட்டியை ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் போக, அந்தப் பெட்டியைத் தேடி இறக்கும்வரை விமானம் அசையவில்லை.

“ஒரு மணி நேரம்னு போட்டிருந்தான் தம்பி. எவன் எழுதினானோ, கையில கிடைச்சா தெரியும்!” என்றார் பக்கத்து சீட் பெரியவர். அவன் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டான்.

ஒருவழியாக மகளின் ஊர் கீழே வந்தது. இறங்க வரிசையாம், விமானம் வட்டமடிக்கத் தொடங்கியது. பஸ்ஸாக இருந்தால் “ஓரமா நிறுத்துப்பா” என்று குதித்திருப்பான். வெயில் முகத்தில் அடித்த எரிச்சலில் ஜன்னலை இழுத்து மூடினான். கைக்கடிகாரத்தில் நாலு மணி ஆவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

பள்ளி மைதானத்துக்கு ஓடி வந்தபோது அங்கே அம்மாவும் பெண்ணும் மட்டும்தான் இருந்தார்கள்.

“வாங்க. உங்க கணக்குப்படி நேத்தே வந்திருக்கணும்” என்றாள் மனைவி. “இவ ஓடவே இல்ல. விசில் அடிச்சதும் எல்லாப் பிள்ளைங்களும் ஓடுது, இவ மட்டும் கோட்டுலயே நிக்கிறா.”

“ஏம்மா?” என்று மகளின் முன்னால் உட்கார்ந்தான்.

அவள் முகத்தில் வருத்தமே இல்லை. “மேல ஒரு பிளேன் சுத்திச் சுத்தி வந்துச்சு. நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. கை காட்டிட்டே இருந்தேனா, விசில் கேக்கல. நான் காட்டினதப் பாத்தீங்கல்ல?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவிக்கு அதுவும் வாயில் வரவில்லை.

“ஜன்னலை மூடி வச்சிருந்தேன்மா.”

அவள் அவனையே பார்த்தாள்.

“அப்போ நான் யாருக்குப்பா கை காட்டினேன்?”