மர்ஸூக் நானாவிடம் கேட்கப்பட்டது

1
இந்தக் கதை பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் சுபோதினி, அளவெடுத்துக்கொண்டே முழுவதையும் சொன்னார். எழுதட்டுமா என்றேன். "எழுதுங்கோ. ஆனா என்னைப் பெரிய நல்லவளாக்கிப் போடாதேங்கோ."

2
முதல் ஆரம்பம்: 'அடைமழை. கடை வாசலில் ஒரு முன்னாள் சிப்பாய்—'

வேண்டாம். கதைகளில் பெய்த மழை போதும். நேராகவே சொல்கிறேன். துவான் மர்ஸூக், மலாய்க்காரர், ஓய்வுபெற்ற சிப்பாய்; சுபோதினிக்கு 'நானா', அதாவது அண்ணன். போரில் தலையில் காயம். சில நாள் தன் பெயரே மறந்துவிடும். வீடு இல்லை. பல வருடம் சுபோதினியின் கடை வாசலில் படுத்தார். போன வருடம் சுபோதினி பின்னறையைத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து தம்பியைப் பறிகொடுத்தவர் அவர்.

(இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். "மனுசன் நனைஞ்சுகொண்டு கிடந்தது. வேற என்ன?" மழையை நான் விட்டாலும் அது என்னை விடுவதாயில்லை.)

3
வில்லன் வேண்டுமென்று மர்ஸூக்கின் அண்ணன் மகன் இப்ஹாமைப் பேராசைக்காரராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் உடுக்கப் புதுச் சாரத்தோடு வந்து, கடை வாசலில் சித்தப்பாவைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறவர் எப்படி வில்லனாவார்?

மர்ஸூக்குக்கு ஓய்வூதியமும் சிகிச்சையும் உரிமை. அதைப் பெற்றுக்கொடுக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். தன்னைச் சட்டப் பாதுகாவலராக நியமிக்கும்படி இப்ஹாம் நீதிமன்றம் போனார். கிடைத்தால், ஹம்பாந்தோட்டையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதாக உத்தேசம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன்பிறகு எங்கே படுப்பது என்பதைக்கூட மர்ஸூக் தீர்மானிக்க முடியாது.

4
மர்ஸூக்கைப் பற்றி விசாரிக்க நீதிமன்றம் அனுப்பிய அதிகாரி கடைக்கு வந்து, இங்கே உங்களோடு வேறு யாரும் தங்குகிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை சேர். நான் மட்டும்தான்."*

திரைக்குப் பின்னால் மர்ஸூக் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

(*சிப்பாய்கள் வீடுவீடாகக் கதவு தட்டித் தேடிய சுற்றிவளைப்புக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு இந்த அடிக்குறிப்பு தேவையில்லை. பொலிஸ் பதிவில் இல்லாத விருந்தாளி பிடிபட்டால் வீட்டுக்காரருக்கும் வில்லங்கம். அதிகாரி கேட்டால் வாய் தானாகவே இல்லை என்றுவிடும். காலம் மாறியது வாய்க்குத் தெரியவில்லை.)

அதிகாரி போனதும் மர்ஸூக் திரையை விலக்கிச் சிரித்தாராம். "தங்கச்சி, அந்தக் காலம் நான் கதவு தட்டின நேரமும் எல்லாரும் இதத்தானே சொன்ன."

சுபோதினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அறிக்கையில் 'ஆதரிக்க எவருமில்லை' என்று பதிவாகிவிட்டது.

5
வழக்கன்று சுபோதினி கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றம் போனார்.

"நான் பொய் சொன்னனான். அவர் என்னோடதான் இருக்கிறார். பழைய பயத்தில வாய் சொல்லிப்போட்டுது."

யாரும் திட்டவில்லை. இப்ஹாம் எழுந்து வந்து, "அக்கா, சித்தப்பாவுக்கு ஒரு அறை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. பெரிய உபகாரம்" என்றார். அவரை வில்லனாக்கப் பார்த்த நான் இதை எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீதிபதி இப்ஹாமையும் பார்க்கவில்லை, சுபோதினியையும் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்து, "மர்ஸூக், எங்கே இருக்க விருப்பம்? யார் உங்களுக்காகப் பேச வேண்டும்?" என்று அவரிடமே கேட்டார். அந்த நீதிபதி யாரென்று எனக்குத் தெரியாது. நன்றாயிருக்க வேண்டும்.

6
முடிவு ஒன்று: மர்ஸூக் கொட்டாஞ்சேனையைக் கேட்கிறார், சுபோதினி—

முடிவு இரண்டு: இப்ஹாமின் கையைப் பிடித்துக்கொண்டு—

இரண்டையும் வெட்டிவிட்டேன். அவர் சொன்ன பதில் சுபோதினிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதை என் வசனத்தில் நான் சொன்னால், அவருக்காகப் பேச வந்த இன்னொருத்தியாகிவிடுவேன். அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஆள் போதும்.

கேள்வி விளங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. இப்ஹாம் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். நீதிபதி கையை உயர்த்தித் தடுத்தார்.

நீங்களும் தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் தொண்டையைச் செருமுகிறார்.