பதினான்காம் எண்ணின் பதில்

ஆறு மணிக்கு எழுந்து பால் காய்ச்சினேன். குளித்தேன். என் போனையும் என் மனைவி சத்யப்பிரியாவின் போனையும் சார்ஜில் போட்டேன். எட்டு மணிக்கு அவள் போனில் செய்தி வந்தது: ‘மூன்றாம் சுற்றுக்கு உங்கள் பதில் வரவில்லை.’ தினமும் தானாகப் போகும்படி அதை அமைத்தவன் நான்தான்.

அரியலூர் சாலையில் காலையில் எத்தனை மணிவரை லாரிகளை ஓடவிடாமல் தடுக்கலாம் என்று, எங்கள் ஆபீஸிலிருந்து இருபது பேரிடம், பதில்கள் ஒத்துப்போகும்வரை சுற்றுச் சுற்றாகக் கேட்கிறோம். பெயர் கிடையாது, எண் மட்டும். அதிகாரி பதிலுக்கும் நர்ஸ் பதிலுக்கும் ஒரே மதிப்பு. பத்தொன்பது பேர் ஒன்பது மணி என்றார்கள். பதினான்காம் எண், நர்ஸான என் மனைவி, பத்து என்றாள். வீட்டுவேலை முடித்துப் பெண்கள் வண்டி எடுப்பதே ஒன்பதுக்கு மேல்தான் என்று காரணம் எழுதினாள். விதிப்படி, பெரும்பான்மையைக் காட்டி மறுபடி யோசிக்கச் சொன்னேன். இரண்டாம் சுற்றில் ஒன்பது என்று மாற்றினாள்.

மூன்றாம் சுற்று தொடங்கிய மறுநாள், ஒன்பதே முக்காலுக்கு, வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தாள்.

இன்று ஆபீஸில் அனுசுயா மேடம் கேட்டார். அந்த எண் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

“பதினாலாம் நம்பர் யாரு தம்பி, இப்படி இழுத்தடிக்கிறது? பழைய ஒன்பதையே போட்டு முடிச்சிடுங்க.”

அவள் பதிலுக்கான கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். விபத்து நடந்த அன்று காலை, என்னையே பத்து என்று மாற்றச் சொன்னாள். அடுத்தவர் நிரப்பக் கூடாது என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்:

“நீங்களும் உங்க ரூல்சும்! சாயங்காலம் வந்து நானே போட்டுக்கறேன், போங்க.”